முப்பத்தாறு

உயரத்தையும் கால் நீளத்தையும் நாடா சொல்லிவிடும்.
எடைக்கு மட்டும் வாயை நம்ப வேண்டும்.
ஔலு நகரில் பத்தொன்பது பனிக்காலமாகக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்;
உள்ளதைச் சொன்னவர் ஒருவருமில்லை.

எண்பத்து நாலு என்றார் ரெய்யோ.
அவர் உட்கார்ந்திருந்த முக்காலி
வேறோர் எண்ணை முனகியது.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்.
வீடு ஹைலுவோத்தோ தீவில்,
பிழைப்பு கடலுக்கு இந்தப் பக்கம்.
கடல் இறுகி அதன் மேல் சாலை திறக்கும் நாட்களில்
மிதித்து வந்து போக ஒரு வண்டி வேண்டும்.
"கார் இருந்தது. அதன் சத்தம் பிடிக்கவில்லை."

டயரில் தொடங்கினோம்.
தூள்பனியில் அகலம் மிதக்கும்,
வழுக்குக் கண்ணாடியில் ஆணிதான் பிடிக்கும்.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
டயருக்கு இருநூற்று நாற்பது ஆணி.
முதல் ஐம்பது கிலோமீட்டர்
வெறும் தார் ரோட்டில் மெல்ல ஓட்டுங்கள்,
ரப்பருக்குள் அவை குந்தி இடம் பிடிக்கட்டும் என்றேன்.
"புதுத் தந்தியும் அப்படித்தான்,
மாட்டிய அன்றே பேச்சைக் கேட்காது."

கியர்கள் எட்டும் ஹப்புக்குள் அடக்கம்.
சங்கிலிக்கு முழு உறை; உப்புக்குப் பசி அதிகம்.
கேபிளில் ஈரம் புகுந்துவிட்டால்
மைனஸ் இருபத்தைந்தில் அது கேபிளல்ல, குச்சி.
ஆகவே பின்னால் மிதித்தால் நிற்கிற பிரேக்.
முன்சக்கரத்தில் டைனமோ,
விடிவதற்குச் சோம்பல்படும் காலைகளுக்கு.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
"கம்பி முப்பத்திரண்டு போதும்தானே?"
எங்கோ படித்திருக்கிறார்.
எண்பத்து நாலுக்குப் போதும்.
எழுதிக்கொண்டேன்.

கதவு மூடியதும்
முப்பத்தாறு துளை ரிம்மை எடுத்தேன்.

எண்ணில் ஒரு கோட்டம்.
சக்கரத்தில் எடுப்பதுபோல் அதையும்
சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றுதான்.
விலையில் பதினொரு யூரோ வித்தியாசம்.
பில்லில் சேர்க்கவில்லை,
சேர்த்தால் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை வந்தார்.
பெயின்ட்டைப் பார்க்கவில்லை,
மூன்று வாரம் தேடிக் கிடைத்த அந்தப் பச்சையை.
பின்சக்கரத்தின் முன் குனிந்து
கட்டைவிரல் நகத்தால்
ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினார்.
கண் மூடியிருந்தது.

"இது கொஞ்சம் கீழே நிற்கிறது."

அளவுமானியை வைத்துப் பார்த்தேன்.
நின்றது.
சாவியால் நிப்பிளைக் கால் திருப்பு.
இன்னொரு சுற்று சுண்டிக்கொண்டே போய்
தொடங்கிய இடத்தில் விரலை எடுத்தார்.

"முப்பத்தாறு."

ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டது முப்பத்திரண்டு."
"ஆமாம்."
"தெரிந்தே செய்தீர்கள்."
"முக்காலி சொல்லிவிட்டது."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
கையுறையை விரல் விரலாக மாட்டினார்.
கடைசி விரலுக்கு வந்தபோது சொன்னார்:
"நூற்றுப் பதினேழு. கருவிப் பெட்டி தனி, ஒன்பது."

நான் நூறு என்று வைத்திருந்தேன்.
பம்ப்பை எடுத்து
இரண்டு டயருக்கும் இன்னும் சில அடி அடித்தேன்.
இருவரும் பிரஷர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
பேச வேண்டியதை அது பேசட்டும் என்பதுபோல.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
நானும் அந்தச் சாலைக்குப் போனேன்.
கரையில் பலகை: மூன்று டன்,
வண்டிக்கு வண்டி ஐம்பது மீட்டர்.
பனித்தூளில் ஒற்றைத் தடம் ஒன்று
ஆணிப் புள்ளிகளோடு தீவுப் பக்கம் போயிருந்தது,
அகலமாக, ஆழமாக, நேராக.

இறங்கி நின்று கூட்டிப் பார்த்தேன்.
வண்டி பதினாறு. பை மூன்று.
அப்புறம் நான்.

அடியில் கடல் எங்கோ ஒரு முறை முறிந்து முனகியது.
நாலு கிலோவை விட்டுவிட்டுத்தான்
கூட்டியிருந்தேன்.